இடஞ்சுழி, வலஞ்சுழி: பனிமேட்டில் இருபுறமும் சுழலப் பழகுதல்

பனிச்சரிவில் வேகமாக இறங்கிவந்து, ஒரு மேட்டில் எகிறி, அந்தரத்தில் சுழன்று மறுபுறம் கால் பதிப்பதுதான் ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கின் அடிப்படை வித்தை. சுழல்வதற்கு இரண்டு திசைகள் உண்டு. உடல் இடத் தோளின் பக்கம் திரும்பினால் இடஞ்சுழி. மேலிருந்து பார்ப்பவருக்கு அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. வலத் தோளின் பக்கம் திரும்பினால் வலஞ்சுழி. இந்த விளையாட்டுக்கு வருகிற அநேகமாக எல்லோருக்கும் இவற்றில் ஒன்று தானாக வரும். மற்றது பழகினால்தான் வரும். அந்த இரண்டாம் திசையைப் பழகுவது இன்றைக்குச் சர்வதேசப் போட்டிக்குப் போகிற எந்த வீரரும் தவிர்க்க முடியாத பாடம்.

சுழற்சியைப் பாகைகளால் அளக்கிறார்கள். ஒரு முழுச் சுற்று 360, ஒன்றரைச் சுற்று 540, மூன்று சுற்று 1080. வீரர்களின் பேச்சில் இவை சுருங்கி 'த்ரீ', 'ஃபைவ்', 'டென்' என்றாகிவிடும். முன்னோக்கி வந்து எகிறலாம். முதுகைக் காட்டிப் பின்னோக்கி வந்தும் எகிறலாம். பின்னோக்கி வருவதற்கு 'ஸ்விட்ச்' என்று பெயர். ஆக, இரண்டு திசைகள் நான்காகின்றன: இடம், வலம், ஸ்விட்ச் இடம், ஸ்விட்ச் வலம். ஒரு வீரரைப் பற்றி 'நான்கு வழியிலும் சுழல்பவர்' என்று சக வீரர்கள் சொன்னால் அது பெரிய பாராட்டு.

ஒருவருடைய இயல்பான திசை எது என்று அறிவதற்குப் பனி தேவையில்லை. நின்ற இடத்தில் குதித்து, யோசிக்காமல் பின்பக்கம் பார்த்தபடி இறங்கச் சொன்னால் போதும். எந்தத் தோள் முந்துகிறதோ அதுவே அவர் திசை. எழுதும் கையை வைத்து இதை உறுதியாகச் சொல்லிவிட முடியாது. வலக்கைக்காரர்களிலும் இரு வகையினர் இருக்கிறார்கள். ஐஸ் ஸ்கேட்டிங்கில் பெரும்பாலோர் இடஞ்சுழியாகவே தாவிச் சுழல்வார்கள். அங்கே வாழ்நாள் முழுவதும் ஒரே திசையில் சுழன்று உலகப் பட்டம் வெல்லலாம். பாலே நடனத்திலோ இரு பக்கமும் சுழலும் பயிற்சி தொடக்கத்திலிருந்தே உண்டு. ஃப்ரீஸ்டைல் பனிச்சறுக்கு இந்த விஷயத்தில் பாலேவின் கட்சி.

எந்தத் திசை எளிதாகிறது என்பதில் ஸ்கீ வீரரின் சாதனத்துக்கும் நிற்கும் விதத்துக்கும் பங்கு மிகக் குறைவு என்பதுதான் கவனிக்கவேண்டிய செய்தி. ஸ்னோபோர்டில் செல்பவர் ஒற்றைப் பலகையின் மேல் பக்கவாட்டில் நிற்கிறார். அவர் ஒரு பக்கம் சுழலும்போது மார்பு முதலில் சரிவைப் பார்க்கும். மறுபக்கம் சுழலும்போது முதுகு பார்க்கும். அவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு வித்தைகள். ஸ்கீ வீரர் இரண்டு கட்டைகளின் மேல் நேராக முன்னோக்கி நிற்கிறார். இரண்டு கட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரிக் கோல்கள். அவருடைய வலஞ்சுழி இடஞ்சுழியின் கண்ணாடிப் பிம்பம். சாதனமும் நிற்கும் விதமும் எந்தப் பக்கத்துக்கும் சலுகை தரவில்லை. ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருப்பதற்குப் பெருமளவு காரணம் பழக்கம்தான். சிறுவயதில் முதல் முறை எந்தப் பக்கம் சுழன்றாரோ அந்தப் பக்கமே ஆயிரக்கணக்கான முறை சுழன்று அதை ஆழப் பதித்துவிடுகிறார்.

ஸ்விட்ச் என்ற வாசல் திறந்ததே கட்டையின் வடிவம் மாறிய பிறகுதான். பழைய ஸ்கீயின் முன்நுனி மட்டுமே வளைந்து மேலெழுந்திருக்கும். வால் தட்டையாக இருக்கும். அதில் பின்னோக்கி இறங்கினால் வால் பனியில் குத்தும். பின்புறமும் வளைந்த கட்டைகள் 1970களிலேயே பனிநடனத்துக்காக இருந்தபோதிலும் அவை பரவவில்லை. 1990களில், மேடுபள்ளச் சரிவில் இறங்கும் மோகல்ஸ் பிரிவைச் சேர்ந்த கனடிய வீரர்கள் சிலர், தங்கள் போட்டியில் தாவல்களுக்கு இருந்த கட்டுப்பாடுகளால் சலித்து, ஸ்னோபோர்டுக்காரர்களின் தாவல் பூங்காக்களுக்குள் நுழைந்தார்கள். மைக் டக்ளஸ், ஜே.பி. ஓக்லேர், ஜே.எஃப். கியூசன், வின்சென்ட் டோரியோன் முதலானோர் கொண்ட அந்தக் குழுவுக்கு 'நியூ கனடியன் ஏர் ஃபோர்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. இருமுனையும் வளைந்த ஒரு கட்டை வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கையை ஏற்று, அந்தப் பத்தாண்டின் இறுதியில் சாலமன் நிறுவனம் 'டென்எய்ட்டி' என்ற கட்டையை வெளியிட்டது. மூன்று சுற்றைக் குறிக்கும் 1080தான் அந்தப் பெயர். அதன்பின் பின்னோக்கி எகிறுவதும் பின்னோக்கி இறங்குவதும் எளிதாயின. 180, 540, 900 போன்ற அரைச்சுற்று மிச்சமுள்ள சுழற்சிகள் அன்றாட வழக்கத்துக்கு வந்தன.

இரு திசையும் வேண்டும் என்ற கட்டாயம் முதலில் எழுந்தது நடுவர்களிடமிருந்தல்ல, ஹாஃப்பைப்பின் வடிவத்திலிருந்து என்றே சொல்லலாம். ஹாஃப்பைப் என்பது சரிவின் போக்கில் வெட்டிய பெரிய அரைவட்டப் பனிக்கால்வாய். ஒலிம்பிக் அளவில் அதன் சுவர் 22 அடி, ஏறத்தாழ 6.7 மீட்டர் உயரம். வீரர் ஒரு சுவரில் ஏறி, விளிம்புக்கு மேலே பறந்து, அதே சுவரில் இறங்கி, எதிர்ச்சுவருக்குப் போவார். வலப்பக்கச் சுவரில் ஏறும்போது அவர் முகம் வலப்புறம் திரும்பியிருக்கும். சரிவின் கீழ்ப்பக்கம் அவருடைய இடக்கைப் பக்கம் வந்துவிடும். அங்கே இடஞ்சுழியாகத் திரும்பினால் உடல் கீழ்நோக்கிச் சுழலும், ஓட்டத்தோடு ஒத்துப்போகும். அடுத்தது இடப்பக்கச் சுவர். அங்கே எல்லாம் தலைகீழ்: வலஞ்சுழிதான் ஓட்டத்தோடு போகும். அதே இடஞ்சுழியை அங்கும் செய்தால் உடல் சரிவின் மேற்பக்கம் நோக்கிச் சுழலும். 'அலி-ஊப்' என்னும் அந்தச் சுழற்சி தனியழகு கொண்டது, கடினமானதும்கூட. ஆனால் ஒரு திசை மட்டுமே தெரிந்தவர் ஒன்றுவிட்டு ஒரு சுவரில் அலி-ஊப்பையே நம்பவேண்டியிருக்கும், அல்லது அந்தச் சுவரை வெறும் தாவலோடு கடக்கவேண்டியிருக்கும். இரண்டுமே ஓட்டத்தின் தரத்தைக் குறைக்கும். ஆகவே கால்வாய்க்குள் இறங்கிய முதல் நாளிலேயே இரண்டாம் திசையின் தேவை வீரருக்குப் புரிந்துவிடுகிறது.

ஹாஃப்பைப்பும், கம்பிகளும் தாவல்மேடுகளும் கலந்த ஸ்லோப்ஸ்டைலும் ஸ்கீ வீரர்களுக்கான ஒலிம்பிக் போட்டிகளானது 2014-இல், ரஷ்யாவின் சோச்சியில். 2018-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் ஆண்கள் ஹாஃப்பைப் இறுதியில் அமெரிக்காவின் டேவிட் வைஸ் முதல் இரண்டு ஓட்டங்களிலும் கட்டை கழன்று வீழ்ந்தார். மிஞ்சியது ஒரே ஓட்டம். அதில் இரட்டைக் கார்க் எனப்படும் சாய்ந்த இரட்டைச் சுழற்சிகளை இடம், வலம், ஸ்விட்ச் இடம், ஸ்விட்ச் வலம் என நான்கு வழியிலும் செய்து 97.20 மதிப்பெண் பெற்றுத் தங்கம் வென்றார். நியூசிலாந்தின் நிக்கோ போர்ட்டியஸ் 2021 எக்ஸ் கேம்ஸ் போட்டியில் ஒரு சுவரில் ஒரு பக்கமாக 1620, உடனே எதிர்ச்சுவரில் மறுபக்கமாக 1620 என அடுத்தடுத்து நாலரைச் சுற்றுகளைச் செய்து காட்டினார். அதே இரட்டையோடு 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் தங்கத்தையும் எடுத்தார். இத்தகைய ஓட்டங்களைப் பார்க்கும்போது வீரருக்கு எந்தப் பக்கம் இயல்பானது என்று பார்வையாளரால் கண்டுபிடிக்க முடிவதில்லை. பயிற்சியின் வெற்றிக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பிக் ஏர் என்னும் ஒற்றைத் தாவல் போட்டியில் இது விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. மூன்று தாவல்களில் சிறந்த இரண்டின் மதிப்பெண்கள் கூட்டப்படும். அந்த இரண்டும் வெவ்வேறு திசைச் சுழற்சிகளாக இருக்கவேண்டும். 2022 பெய்ஜிங் மகளிர் பிக் ஏர் இறுதி இந்த விதி எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் தெளிவான பாடம். சீனாவுக்காக ஆடிய 18 வயது எய்லீன் கூ முதல் தாவலில் வலப்பக்கம் 1440 சுழன்று 93.75 பெற்றார். இரண்டாவதில் இடப்பக்கம் சுழன்று 88.50. கூட்டிப் பார்த்தால் மூன்றாம் இடம். கடைசித் தாவலில் வலப்பக்கத்தை மேலும் மெருகேற்றினால் ஒன்றிரண்டு மதிப்பெண்தான் கூடும். இடம் இருந்தது இடப்பக்கத்தில்தான். அதுவரை தாம் செய்தே பாராத இடப்பக்க இரட்டைக் கார்க் 1620-ஐ அங்கே முயன்று 94.50 பெற்றார். அது 88.50-ஐ நீக்கிவிட்டு அந்த இடத்தில் அமர்ந்தது. மொத்தம் 188.25, பிரான்சின் டெஸ் லெதூ 187.50. முக்கால் மதிப்பெண்ணில் தங்கம் கைமாறியது.

ஸ்லோப்ஸ்டைலில் தண்டவாளம் போன்ற கம்பிகளும் பல தாவல்மேடுகளும் ஒரே ஓட்டத்தில் வரும். அங்கே உயரம், கடினம், நேர்த்தி ஆகியவற்றோடு பல்வகைமையையும் நடுவர்கள் எடைபோடுகிறார்கள். எல்லாத் தாவலிலும் ஒரே பக்கம் சுழன்றவரின் ஓட்டம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் வறியதாகத் தோன்றும். ஏரியல்ஸ் என்னும் பழைய ஃப்ரீஸ்டைல் பிரிவில் இந்தக் கணக்கு இல்லை. அங்கே கடினத்தின் அளவு குட்டிக்கரணங்களையும் முறுக்குகளையும் எண்ணி வருவது. முறுக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை.

இனி, இரண்டாம் திசை ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று பார்க்கலாம். அந்தரத்தில் இருப்பவரால் புதிதாகச் சுழற்சியை உண்டாக்க முடியாது. உதைத்துத் தள்ள அங்கே ஒன்றுமில்லை. கால் பனியை விட்டு எழும் நொடியில் எவ்வளவு சுழல்வேகம் உடலில் ஏறியிருக்கிறதோ அதுதான் மொத்த முதல். கைகளை உடலோடு அணைத்தால் சுழற்சி விரைவுபடும், விரித்தால் தணியும்; அவ்வளவுதான் மேலே செய்யக்கூடியது. ஆகவே எல்லாம் புறப்பாட்டில் தீர்மானமாகிறது. இடஞ்சுழி செய்பவர் தோள்களை முதலில் சற்று வலப்புறம் முறுக்கி வைத்து, மேட்டின் விளிம்பில் அந்த முறுக்கை இடப்புறம் அவிழ்த்துவிடுவார். பெரிய சுழற்சிகளுக்குக் கட்டையின் ஓரத்தைப் பதித்து இடப்பக்கம் லேசாக வளைந்தபடியே மேட்டைவிட்டு எழுவார். இடப்பக்க வளைவில் அதிகப் பாரம் தாங்குவது வெளிப்புறத்து வலக்கால். திசை மாறினால் இவை அத்தனையும் மாறவேண்டும்: முறுக்கும் பக்கம், பதியும் ஓரம், பாரம் தாங்கும் கால், முந்தும் தோள், எதிர்ப்புறம் எட்டிப் பார்க்கும் தலை. கட்டையைப் பிடிக்கும் கையும் பெரும்பாலும் மாறும். இவ்வளவும் நடந்து முடிய விளிம்பில் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம். யோசித்துச் செய்ய அங்கே அவகாசம் இல்லை.

பார்வையின் பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழுச் சுற்றின் முதல் பாதியில் இறங்குமிடம் வீரரின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். தலை தோளைத் தாண்டித் திரும்பிய பிறகுதான் அது மீண்டும் தெரியும். தெரிந்த கணத்திலிருந்து கால்களை நேர்ப்படுத்த வேண்டும். பழகிய திசையில் அந்தக் காட்சி எப்போது, எந்த மூலையிலிருந்து வரும் என்பது வீரருக்கு மனப்பாடம். பழகாத திசையிலோ அது எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும். உள்காதின் சமநிலை உறுப்புகள் அனுப்பும் செய்தியும் வழக்கத்துக்கு எதிராக இருக்கும். பலரும் இந்த இடத்தில்தான் பயந்து, சுழற்சியைப் பாதியில் திறந்துவிடுகிறார்கள். முக்கால் சுற்றில் நின்று கட்டைகள் குறுக்காகப் பனியில் மோதினால் உடல் முன்னே போக, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஃப்ரீஸ்டைலில் கடுமையான காயங்களை அதிகம் வாங்குவது முழங்கால்தான். இரண்டாம் திசையைப் பெரிய மேட்டில் துணிச்சலை மட்டும் நம்பிப் பழகக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

நல்ல பயிற்சியாளர்கள் சமதளத்திலிருந்தே தொடங்குவார்கள். மென்மையான சரிவில் கட்டைகளைத் தட்டையாக வைத்து, நழுவியபடியே முழு வட்டம் திரும்புவது முதல் பாடம். தாவலே கிடையாது. எந்தக் கணத்தில் எந்த ஓரம் பனியைக் கடிக்கப் பார்க்கிறது என்பதை இரு திசையிலும் பாதம் அறிந்துகொள்ளும். அடுத்தது பின்னோக்கிச் செல்லல். பின்னோக்கிப் போகிறவர் ஏதாவது ஒரு தோளுக்கு மேலாகத்தான் வழியைப் பார்க்க முடியும். இங்கும் ஒரு தோள் பழக்கமாகிவிடும். இரண்டு தோள்களின் மேலாகவும் பார்த்துப் பழகாதவருக்கு ஸ்விட்ச் சுழற்சிகளில் ஒரு பக்கம் எப்போதும் இருட்டாகவே இருக்கும். பிறகு பாதையோரச் சிறு மேடுகளில் அரைச் சுற்று. அது நிலைத்தபின் சிறு தாவல்மேட்டில் ஒரு முழுச் சுற்று. அரைச் சுற்றை எளிதென்று தாண்டிப்போகிறவர்கள் அதிகம். அது தவறு. புறப்படும்போது தோளும் இடுப்பும் எந்த வரிசையில் திரும்பவேண்டும் என்பதை அரைச் சுற்றுதான் கற்றுத்தருகிறது. 360-இல் வரும் பிழைகளில் பெரும்பாலானவை அங்கேயே முளைத்தவை.

பனிக்கு வெளியே கிடைக்கும் உதவிகளும் கணிசம். டிராம்பொலினில் அரைச் சுற்று, முழுச் சுற்று என இரு பக்கமும் மாறி மாறிக் குதிக்கலாம்; விழுந்தால் வலிக்காது, ஒரு மணி நேரத்தில் பனியில் ஒரு வாரத்துக்குக் கிடைக்கும் எண்ணிக்கையை எட்டிவிடலாம். அமெரிக்காவின் பார்க் சிட்டியிலுள்ள யூட்டா ஒலிம்பிக் பார்க்கில் கோடைகாலத்தில் சரிவிலிருந்து எகிறி நீர்க்குளத்தில் விழுந்து பழகுகிறார்கள். அண்மைக் காலத்தில் இறங்குசரிவின் வடிவத்திலேயே செய்த காற்றுப் பைகள் பரவியிருக்கின்றன. பிரிட்டனில் பிளாஸ்டிக் தூரிகைப் பரப்பிட்ட செயற்கைச் சரிவுகளில் வளர்ந்த வீரர்கள் பலர். ஷெஃபீல்டின் செயற்கைச் சரிவில் தொடங்கிய ஜேம்ஸ் உட்ஸ் 2019-இல் ஸ்லோப்ஸ்டைல் உலகப் பட்டம் வென்றார். சின்னச் சரிவு, குறுகிய ஓட்டம், ஒரே மாலையில் எண்ணற்ற தாவல்கள்: இரண்டாம் திசைக்கு வேண்டியது இத்தகைய அலுப்பில்லாத திரும்பச்செய்தல்தான்.

பழகிய பக்கத்தின் அறிவு புதிய பக்கத்துக்குச் சற்றும் உதவாதா என்றால், உதவும். ஒரு கைக்குத் தரும் பயிற்சி மறு கையையும் ஓரளவு மேம்படுத்துகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்க்ரிப்சரும் உடன் பணியாற்றியவர்களும் 1894-லேயே காட்டினார்கள். பனிமேட்டிலும் வேகத்தைக் கணிப்பது, உயரத்தை உணர்வது, எப்போது உடலைத் திறப்பது, இறங்கும்போது முழங்காலை எப்படி மடக்குவது எல்லாம் அப்படியே கைகொடுக்கும். புறப்பாடும் தலையின் திருப்பமும்தான் புதிதாகப் பழகவேண்டியவை. வலக்கையால் எழுதுபவர் இடக்கையில் பேனாவைப் பிடிக்கும்போது எழுத்துகள் மறந்துபோவதில்லை, விரல்தான் திணறுகிறது, இதுவும் அப்படித்தான். அதனால் வீரர்கள் தங்கள் நல்ல பக்கத்துச் சுழற்சியைப் படம் பிடித்து, திரையில் இடவலம் மாற்றிப் பார்ப்பதுண்டு. தாம் மறுபக்கம் செய்யவேண்டியது அங்கே கண்முன் கிடைக்கிறது. பயிற்சியிலும் பத்து இடம், பிறகு பத்து வலம் என்று அடுக்குவதைவிட, ஒன்றுக்கொன்று மாற்றிச் செய்வது நல்லது. கலந்து பழகினால் பயிற்சியின்போது தடுமாற்றம் கூடுவதும், ஆனால் கற்றது பின்னர் நிலைத்து நிற்பதும் உடலசைவுக் கல்வியில் 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்களின் சோதனைக்குப் பிறகு நன்கு அறியப்பட்டவை.

வயதும் வரிசையும் இங்கே முக்கியம். எட்டு வயதுச் சிறுமிக்கு இட 180-ஐயும் வல 180-ஐயும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வளரும். இடப்பக்கம் 900 வரை வந்துவிட்ட இளைஞர் வலப்பக்கத்துக்கு வரும்போது நிலைமை வேறு. உடல் வலிமையும் துணிவும் 900-க்கு உரியவை. திறமை மட்டும் 180-க்கு உரியது. நண்பர்கள் பெரிய மேட்டில் பறந்துகொண்டிருக்க, அவர் குழந்தைகள் குதிக்கும் சின்ன மேட்டுக்குத் திரும்பி அரைச் சுற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்தத் தன்மான இடறலில்தான் பலருடைய இரண்டாம் திசை நின்றுபோகிறது. கற்றுத்தருபவர்கள் தொடக்கத்திலிருந்தே இரண்டையும் சமமாக நடத்தினால் இந்த வேதனையே எழாது. ஒரு பக்கத்தில் புதிய சுழற்சியைக் கற்றதும், அதற்கு மேற்பட்டதைத் தொடுவதற்கு முன் மறுபக்கத்திலும் அதை எட்டிவிடுவது என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டால் இடைவெளி பெருகாது.

கம்பிகளின் மேல் இந்தப் பாடம் இன்னும் நுணுக்கமாகிறது. கம்பிமேல் வீரர் குறுக்காக நின்று வழுக்குகிறார். இடக்கால் முன்னே வருமா வலக்கால் முன்னே வருமா என்பது முதல் தேர்வு. முக்கால் சுற்றுச் சுழன்று ஏறி, வழுக்கி, மீண்டும் முக்கால் சுற்றுச் சுழன்று இறங்கலாம். ஏறிய திசையிலேயே தொடர்ந்து இறங்குவது ஒரு வகை. ஏறியதற்கு எதிர்த்திசையில் இறங்குவது 'ப்ரெட்சல்'. ஏறும்போது உடலில் சேர்ந்த வேகத்தைக் கம்பிமேல் முழுவதும் அடக்கி, உடனே மறுபக்கம் முறுக்கிப் புறப்படவேண்டும். மேட்டில் இரு திசையும் கைவந்தவருக்கே இது சாத்தியம்.

அமெரிக்காவின் அலெக்ஸ் ஹால் இதே எண்ணத்தைக் கம்பியிலிருந்து அந்தரத்துக்கு எடுத்துப்போனார். 2022 பெய்ஜிங் ஸ்லோப்ஸ்டைல் இறுதியின் முதல் ஓட்டத்தில், கடைசி மேட்டில் வலப்பக்கம் இரட்டைக் கார்க் 1080 போகிறவர்போலச் சுழன்றார்; முடியும் தறுவாயில் கால்களை எதிர்ப்பக்கம் திருப்பி 900-இல் இறங்கினார். அந்தரத்தில் புதிய சுழற்சியை உண்டாக்க முடியாது என்ற விதியை இது மீறவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் திரும்பும்போது மேலுடல் எதிர்ப்பக்கம் திரும்பி அதை ஈடுசெய்கிறது. மொத்தக் கணக்கு மாறுவதில்லை. அந்த ஓட்டத்துக்கு 90.01 கிடைத்தது. அதற்குப் பின் வந்த யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை, தங்கம் அவருடையதாயிற்று.